நொண்டும் கோழிக்கு வீட்டிலேயே கால் வைத்தியம்

கோழி நொண்டினால் உடனே மஞ்சளைக் குழைத்துப் பூசிவிடுகிறோம். எங்கே பூசுவது, எதற்குப் பூசுவது என்பதைப் பார்ப்பதில்லை. நொண்டுவதற்குக் காரணம் உள்ளங்காலில் குத்திய கண்ணாடிச் சில்லாக இருக்கலாம், விரலில் இறுகிய நூலாக இருக்கலாம், முட்டை அடைப்பாக இருக்கலாம், காலுக்குச் சம்பந்தமே இல்லாத வைரஸ் நோயாகவும் இருக்கலாம். சென்னை வீடுகளில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் வீட்டில் வைத்தே சரிசெய்யக்கூடிய கால் காயங்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மருந்து போதாமல் கெடுவதில்லை. கட்டு இறுகியதாலும், தரை ஈரமாக இருந்ததாலுமே கெடுகின்றன.

பிடிப்பதும் பார்ப்பதும்

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். ஏற்கெனவே சுளுக்கிய கால் ஓட்டத்தில் முறிந்துவிடும். இருட்டிய பிறகு கோழி அடைந்திருக்கும்போது இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து எடுங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பழைய துண்டால் தலையையும் இறக்கையையும் தளர்வாகச் சுற்றி, மூக்கு வெளியே இருக்கும்படி மடியில் வையுங்கள். கண் மறைந்தால் கோழி அடங்கிவிடும். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்த கை மூச்சை நிறுத்திவிடும்.

ஒருவர் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு கீழிருந்து மேலே பாருங்கள். நகம், விரல் இடுக்கு, உள்ளங்கால், செதில் மூடிய கால், முட்டி, தொடை என்ற வரிசையில் போனால் எதுவும் விட்டுப்போகாது. நல்ல காலையும் கூடவே தொட்டுப் பார்க்க வேண்டும். கோழியின் உடல் சூடு 41 முதல் 42 டிகிரி செல்சியஸ், அதனால் நம் கைக்கு எந்தக் காலும் சூடாகத்தான் இருக்கும். ஒரு காலைவிட இன்னொரு கால் சூடாகவோ பருத்தோ இருக்கிறதா என்பதுதான் கணக்கு. கடைசியாக விரல் நுனியை லேசாகக் கிள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் நரம்பு வேலை செய்கிறது. இழுக்கவே இல்லையென்றால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காலில் காயமே தென்படாமல் கோழி விழுந்து கிடந்தால் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். இரண்டு முதல் ஐந்து மாத வயதுக் கோழி ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிப் படுத்தால் மேரெக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தெருவில் கூடையில் வாங்கிய குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே போட வேண்டிய அந்தத் தடுப்பூசி பெரும்பாலும் போட்டிருக்காது. வந்தபின் மருந்தும் இல்லை. கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். முட்டையிடும் கோழி பின்புறம் தாழ நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வீட்டில் பல கோழிகள் ஒரே சமயத்தில் சோர்ந்து சாகத் தொடங்கினால் வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

எல்லாம் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். காஸ் துணி, ஒரு இன்ச் மைக்ரோபோர் டேப், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கோஹெசிவ் பேண்டேஜ் ஒரு ரோல், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், பொவிடோன் அயோடின் கரைசலும் களிம்பும், எப்சம் சால்ட், கையுறை, முனை மழுங்கிய சின்னக் கத்தரி, இடுக்கி. காயம் கழுவ நார்மல் சலைன் பாட்டில் வாங்கலாம். இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்தால் போதும். அன்றன்று புதிதாகக் கரைக்க வேண்டும்.

பொவிடோன் அயோடினை அப்படியே ஊற்றாதீர்கள். 10 சதவீதக் கரைசல் என்றால் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர், 5 சதவீதம் என்றால் 1 பங்குக்கு 5 பங்கு. பால் சேர்க்காத லைட் டீயின் நிறத்தில் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் முளைத்துவரும் புதுத் தசையையும் சேர்த்தே எரித்துவிடும், காயம் ஆறத் தாமதமாகும். மரப்புத் தரும் மருந்து கலந்த களிம்புகளைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கும்போதே டியூபில் பெயர் 'கெய்ன்' என்று முடிகிற மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். பறவைக்கு அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

நூலும் கயிறும்

சென்னையில் கோழிக் கால்களுக்கு நேரும் மிக மோசமான, அதேசமயம் மிகச் சுலபமாகத் தடுக்கக்கூடிய கேடு இதுதான். மாஞ்சா நூல், தலைமுடி, சாக்குப்பையிலிருந்து உரிந்த பிளாஸ்டிக் இழை, தையல் மிஷின் நூல் எல்லாம் குப்பையைக் கிளறும்போது விரலில் மாட்டும். நடக்க நடக்க இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் வீங்கி நூலை மூடிவிடும். மேலே பார்த்தால் வீங்கிய விரல் மட்டும்தான் தெரியும், நடுவில் ஒரு பள்ளம் ஓடியிருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் நூல் இருக்கிறது.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை 10 நிமிடம் ஊறவையுங்கள். செதில் இளகியதும் இடுக்கியால் நூலின் ஒரு சுற்றைத் தூக்கி வெட்டுங்கள். வெட்டிய முனையைப் பிடித்து இழுக்கக் கூடாது, மறுபக்கச் சுற்று இன்னும் ஆழமாக அறுக்கும். இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் துண்டு துண்டாக எடுப்பதுதான் முறை. எடுத்த பிறகு சலைனால் கழுவி, களிம்பைச் சன்னமாகத் தடவித் திறந்தே விடலாம். விரல் கறுத்துக் காய்ந்து வாடை இல்லாமல் இருந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது, தானாக விழும். ஒரு விரல் போனாலும் கோழி நன்றாக நடக்கும். கறுப்போடு ஈரமும் நாற்றமும் இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், அழுகல் மேலே ஏறும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிக் கால் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டு வந்த கோழியும் நொண்டும். கட்டை அவிழ்த்து, ஒரு நாள் நிழலில் விட்டு, செதிலில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் அழுத்தமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். வாங்கும்போதே ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துப் போனால் இந்த வேலையே இல்லை. வீட்டில் ஓடிவிடாமல் இருக்க ஒற்றைக் காலில் கயிறு கட்டி வைப்பதையும் விட்டுவிடுங்கள், பஞ்சாரக் கூடை போதும்.

வெட்டு, நகம், எலிக்கடி

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். நகம் ஒடிந்து சொட்டினால் படிகாரத் தூளோ சோள மாவோ நுனியில் அமுக்கிப் பிடியுங்கள். ரத்தம் நின்ற பிறகே கழுவ வேண்டும். சிரிஞ்சில் சலைனை எடுத்துப் பீய்ச்சிக் கழுவினால் மண்ணும் சில்லும் வெளியே வரும், பஞ்சால் தேய்த்தால் உள்ளே போகும். பஞ்சு இழையும் காயத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் காயத்தின்மேல் காஸ் மட்டுமே.

இரவில் கூண்டுக்குள் விரல்கள் கடிபட்டிருந்தால் பெருச்சாளி வேலை. கம்பி வலைக்கு வெளியே நீட்டிய விரலைக் கடித்துப்போகும். அரை இன்ச் சதுர வெல்டு மெஷ் கீழ்ப்பக்கம் அடிக்காமல் காயத்துக்கு மட்டும் மருந்து போடுவதில் பயனில்லை. நாயோ பூனையோ கவ்விய கோழி என்றால் மேலே சிறு ஓட்டைதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அது வீட்டில் பார்க்கிற காயம் இல்லை.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலை மாலை பாருங்கள். புழு இருந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, சலைனால் திரும்பத் திரும்பக் கழுவி, காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவுங்கள், காயத்துக்குள் வேண்டாம். கோழியை வலைபோட்ட இடத்தில் வையுங்கள்.

உள்ளங்கால் கட்டி

டாக்டர்கள் பம்பிள்ஃபுட் என்பது இதைத்தான். மொட்டைமாடியிலும் சிமெண்ட் முற்றத்திலும் வளரும் கோழிக்கு அதிகம் வரும். சொரசொரப்பான தரை, உயரத்திலிருந்து பொத்தென்று குதிப்பது, கூடுதல் எடை, எச்சத்தால் ஈரமான படுக்கை, மே மாதம் வெயிலில் கொதிக்கும் தளம் எல்லாம் உள்ளங்கால் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். அதன் வழியே கிருமி, பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ், உள்ளே போகும். நடுப்பாதத்தில் வட்டமாகக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம் என்று அடையாளம்.

இதை மனிதருக்கு வரும் கட்டியைப்போல நினைத்துப் பிதுக்குவதுதான் பெரிய தவறு. கோழியின் சீழ் தண்ணீராக இருப்பதில்லை. சீழை இளக்கும் நொதி அதன் வெள்ளை அணுக்களில் போதுமான அளவு இல்லாததால், சீழ் கெட்டியாகத் திரண்டு உள்ளே தங்கிவிடும். பிதுக்கினால் வெளியே வராது, பக்கத்துத் தசைக்கும் எலும்புக்கும்தான் நகரும்.

தோல் சிவந்து தடித்திருக்கிறது, அல்லது சின்னப் பொருக்கு மட்டும், வீக்கம் கொஞ்சம்தான், கோழி காலை ஊன்றுகிறது என்ற நிலையில் வீட்டில் முயலலாம். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் எப்சம் சால்ட் கரைத்து, கணுவரை 15 நிமிடம் வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கோழி குடிக்கக் கூடாது, பேதியாகும். எடுத்துத் துடைத்து நீர்த்த அயோடினால் கழுவுங்கள். பொருக்கு ஊறித் தானாக நெகிழ்ந்து வந்தால் எடுங்கள், ஒட்டியிருந்தால் விட்டுவிட்டு நாளைக்கு மறுபடி ஊறவையுங்கள். பிறகு அயோடின் களிம்பு, காஸ், கட்டு. முதல் வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். லேசான கட்டி ஆறவே இரண்டு மூன்று வாரமாகும். வீக்கம் குறைந்துகொண்டே வரவேண்டும். ஒரு வாரத்தில் குறையவில்லை, விரல்களுக்கிடையிலோ காலின் மேற்புறத்திலோ வீக்கம் பரவுகிறது, கட்டி கல்போல் இருக்கிறது என்றால் அறுத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. பிளேடை எடுத்து நீங்களே அறுக்காதீர்கள். மரப்பு ஊசி இல்லாமல் அறுப்பது கோழிக்குச் சித்திரவதை. உள்ளங்காலில் ரத்தக்குழாயும் விரலை மடக்கும் தசைநாரும் அடுத்தடுத்து ஓடுகின்றன.

கட்டுப் போடும் விதம்

எல்லா வைத்தியமும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. கோஹெசிவ் பேண்டேஜை நீளவாக்கில் வெட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையாக்கிக்கொள்ளுங்கள். முழு அகலத்தில் விரல் இடுக்கில் நுழையாது. ரோலில் இருக்கும்போதே அது இழுபட்டிருப்பதால் முழுக்கப் பிரித்து, 10 நிமிடம் தளரவிட்டு, பிறகு சுற்றுங்கள். இதைச் செய்யாமல் சுற்றினால் காலில் போட்டபிறகு தானே இறுகும்.

உள்ளங்காலில் நான்காக மடித்த காஸை வையுங்கள். உள்ளங்கால் கட்டி என்றால், பழைய யோகா மேட்டில் ஒரு வட்டம் வெட்டி நடுவில் ஓட்டை போட்டு, புண் ஓட்டைக்குள் வரும்படி வைத்தால் எடை புண்மேல் விழாது. பட்டையைக் காலில் ஒரு சுற்று சுற்றி, உள்ளங்கால் வழியாக முதல் இரண்டு விரல்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, காலைச் சுற்றி, அடுத்த இடுக்கு வழியாக மறுபடி. எட்டு வடிவத்தில் போகும். இழுத்துச் சுற்ற வேண்டாம், சும்மா படியவைத்தாலே ஒட்டிக்கொள்ளும். விரல் நுனிகள் வெளியே தெரியவேண்டும். மழை நாளில் அடிப்பக்கம் மட்டும் ஒரு துண்டு எலெக்ட்ரிக் டேப் ஒட்டினால் ஈரம் ஏறாது. காலைச் சுற்றி அந்த டேப்பை ஒட்டாதீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது கட்டாயம். விரல் நுனி மற்றக் காலைவிடச் சில்லென்றோ, வீங்கியோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். முதல் அரை மணி நேரம் கோழி காலை உதறும், கொத்தும், அது பழகாததால். இரண்டு மணி நேரமாகியும் அதே வேலையாக இருந்தால் கட்டு இறுகியிருக்கிறது. கட்டு நனைந்தால் நேரம் காலம் பார்க்காமல் மாற்றவேண்டும். ஈரக்கட்டைவிடக் கட்டில்லாத காலே நல்லது.

சுளுக்கும் முறிவும்

முட்டியில் வீக்கம், எலும்பு நேராக இருக்கிறது, கொஞ்சமாவது ஊன்றுகிறது என்றால் சுளுக்கு. முதல் நாள் ஈரத்துணியால் 10 நிமிடம் குளிர்ச்சி, அதற்குப் பின் ஓய்வு. எண்ணெய் போட்டு உருவுவது வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், குதிக்க முடியாத உயரத்தில் மூடி போட்டு ஒரு வாரம் முதல் பத்து நாள் வையுங்கள்.

கால் திரும்பித் தொங்கினால், தொட்டால் எலும்பு உரசினால் முறிவு. விரல் முறிவுக்கு, பாதத்தின் அளவுக்குக் கனமான அட்டையை வெட்டி, விரல்களை விரித்து வைத்து மைக்ரோபோர் டேப்பால் ஒட்டலாம். செதில் மூடிய பகுதியில், தோல் கிழியாமல் நேராக முறிந்திருந்தால், காலைச் சுற்றிக் காஸ் மெத்தை போட்டு இருபுறமும் ஐஸ் குச்சி வைத்துக் கட்டலாம். குச்சி முறிவுக்கு மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் தாண்டிப் பிடிக்கவேண்டும், நடுவில் மட்டும் கட்டினால் முறிந்த இடமே நெம்பப்பட்டு மோசமாகும். எலும்பு கூடச் சுமார் மூன்று வாரம். முட்டிக்கு மேலே, அதாவது கறிக்கடையில் லெக் பீஸ் என்று வெட்டும் பகுதியில் முறிந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும், அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து நேரே டாக்டரிடம் கொண்டுபோங்கள். வழியில் கட்டுப் போட முயல வேண்டாம்.

பொரித்த குஞ்சு வழுக்கும் செய்தித்தாளில் நின்று கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டால், மைக்ரோபோர் டேப்பால் இரு காலையும் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் தளை போல இணைத்து, சொரசொரப்பான துணிமேல் விடுங்கள். பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நேராகும். விரல் உள்ளே சுருண்டிருந்தால் பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம், குடிநீரில் கலக்கும் பி காம்ப்ளக்ஸ் டானிக்கை உடனே தொடங்குங்கள்.

செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பியதுபோல் தெரிந்தால் அது காயமல்ல, செதிலுக்கடியில் வாழும் உண்ணி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, வாஸலினைக் கனமாகப் பூசுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம், எல்லாக் கோழிக்கும். தூக்கிய செதிலைப் பிய்க்காதீர்கள். மண்ணெண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும்.

ஓய்வு இடம், தீனி, மாத்திரை

தனியே வைக்கும் இடம் மற்றக் கோழிகள் கண்ணில் படும்படி இருக்கட்டும், பிறகு சேர்க்கும்போது சண்டை குறையும். நெல் உமியோ காய்ந்த மரத்தூளோ மூன்று இன்ச் கனத்துக்குப் பரப்பி, ஈரமானதைத் தினமும் அள்ளுங்கள். நொண்டும் கோழி எழுந்துபோய்க் குடிக்காது, படுத்தபடி அலகு எட்டும் தூரத்தில் தண்ணீர் வேண்டும். மே மாதத்தில் இதை மறந்தால் காயத்தைவிட வெயில்தான் முதலில் கொல்லும். முட்டைக்கோழித் தீவனத்தோடு முருங்கைக்கீரை கொடுங்கள், அதிலுள்ள வைட்டமின் ஏ தோல் ஆற உதவும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் எடை பாருங்கள். நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தினால் தீனி எடுக்கவில்லை.

வீட்டில் மிச்சமிருக்கும் வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால்தான் 2006-ல் கால்நடைக்கு அதைத் தடைசெய்தார்கள். பறவையின் சிறுநீரகம் அதைத் தாங்காது. டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காயம் பார்க்கும்போது கையுறை போட்டு, முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள். இந்த வேலைக்குச் சமையலறைத் தொட்டி வேண்டாம்.

ஊன்றவே இல்லை, தீனி எடுத்து ஒரு நாளாகிறது, நாற்றம் வருகிறது, இரண்டு நாள் வைத்தியத்தில் வீக்கம் கூடுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது, கோழியைக் கொண்டுவந்தேன் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. என்ன மருந்து, எத்தனை நாள் போட்டீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.

மறுபடி கூட்டத்தில் விடுமுன் உட்காரும் கட்டையைச் சரிசெய்யுங்கள். 5 சென்டிமீட்டர் அகலம், முனை மழுக்கியது, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். கீழே உமியோ மணலோ இருக்கட்டும். மொட்டைமாடியில் ஷேட் நெட்டும், வெயிலில் தளம் கொதிக்கும்போது மட்டும் நிற்க ஈரச்சாக்கு விரித்த ஒரு மூலையும் வேண்டும். காலில் போட்ட கட்டு அவிழ்த்தபின் தழும்பு காய்ந்து, கோழி நாள் முழுக்க நொண்டாமல் நடந்தால், முதலில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மற்றவற்றோடு விடுங்கள். தழும்பைக் கொத்தினால் திரும்பத் தனியே வைத்து இரண்டு நாள் கழித்து முயலுங்கள்.